பழைய லொறியின் கியர்ப் பெட்டி சூடேறுதல்: காரணங்களும் பரிகாரமும்

படுவான்கரை வயல்களில் அறுவடையாகும் நெல் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வருதல் வேண்டும். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதன் பின் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை அவ்விடத்தில் நீங்கிற்று. எனினும் வயலிலிருந்து தார் வீதி வரையுள்ள சேற்று வழியும், களுதாவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களின் மணல் வழியும் பாரமேற்றிய லொறிக்கு இலகுவானவை அல்ல. இவ்வழிகளில் நெடுநேரம் தாழ்ந்த கியரில் ஓடும்போதே பழைய லொறியின் கியர்ப் பெட்டி அளவுமீறிச் சூடேறுகின்றது. முற்றாய் உலராத நெல்லோடு வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், மூடையினுள் நெல் புழுங்கிக் கெடும். மழையும் சேர்ந்தால் முளைகொள்ளும். ஆதலின் அறுவடைக்கு முன்னரே இப்பெட்டியைச் சோதித்தல் நன்று.

எஞ்சினுக்கு ரேடியேற்றரும் விசிறியும் உண்டு. கையால் கியர் மாற்றும் பழைய லொறிகளிற் பெரும்பாலானவற்றின் கியர்ப் பெட்டிக்கோ தனியான குளிர்விக்கும் கருவி இல்லை. உள்ளிருக்கும் எண்ணெய் பற்சில்லுகளின் சூட்டைப் பெட்டியின் சுவருக்குக் கொண்டு சேர்க்கின்றது. ஓடும்போது வீசும் காற்று அச்சுவரைக் குளிர்விக்கின்றது. எனவே பெட்டியைக் கழற்றுமாறு கராச்சில் ஒப்படைக்குமுன், எண்ணெயையும் சுவரையும் பார்த்துக்கொள்க. வயற்களி காய்ந்து சுவரிற் படிந்திருப்பின், அது கம்பளி போர்த்தியது போலாகும். பெட்டி ஆறிய பின் நன்னீரால் கழுவுக; வாவியின் உவர்நீர் துருவை உண்டாக்கும்.

கை வைக்க இயலாத சூடு மட்டும் பழுதின் அறிகுறி அன்று. பாரத்தோடு ஓடிய பெட்டி அவ்வளவு சூடாதல் இயல்பே. விரலால் சில துளி நீரைத் தெளித்துப் பார்க்க. உடனே சீறி ஆவியாகுமாயின் வண்டியை நிறுத்தித் தானே ஆறவிடுக. வாளி நீரை ஊற்றுவோர் உளர். சூடான வார்ப்பு இரும்பு அதனால் வெடிக்கக்கூடும்.

எண்ணெய் மட்டத்தை வண்டி சமதரையில் நிற்கும்போது பார்த்தல் வேண்டும். பக்கத்து அடைப்பானைக் கழற்றினால், அநேக லொறிகளில் எண்ணெய் அத்துவாரத்தின் கீழ்விளிம்பு வரை நிற்கும். குறைந்தால் உராய்வு கூடும். மிகுந்தாலும் தீங்கே, பற்சில்லுகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்க, அதனாலும் சூடு ஏறும். எண்ணெயின் தரம் வண்டியின் கைந்நூலிற் கூறியபடி இருக்கட்டும். பித்தளை, வெண்கல வளையங்கள் உள்ள பெட்டிக்கு ஜி.எல். 4 எண்ணெய் விதிக்கப்பட்டிருப்பின், டிபரன்சலுக்கு வாங்கிய ஜி.எல். 5 எண்ணெயை ஊற்றலாகாது. அதிலுள்ள கந்தகச் சேர்வை சிலவேளை அவ்வளையங்களை அரிக்கும்.

பலரும் கவனியாதது பெட்டியின் மேலுள்ள சிறு மூச்சுத் துவாரம். அது சேற்றால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் சீல் வழியே கசியும். துவாரத்தைத் துப்புரவாக்காது சீலை மாத்திரம் மாற்றுவது வீண்செலவு. மாரி வெள்ளம் வீதியை மூடும் காலத்தில் வேறொரு கேடும் உண்டு. சூடான பெட்டி திடீரென நீரில் அமிழும்போது உட்காற்றுச் சுருங்கி, மூச்சுத் துவாரத்தாலும் தேய்ந்த சீலாலும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீர் கலந்த எண்ணெய் பாற்றேநீர் நிறமாகும்; அது பற்களையும் பேரிங்குகளையும் காக்காது. எனவே ஆழநீரைக் கடந்த வண்டியின் எண்ணெயை அன்றே பார்த்தல் நலம். நிறம் மாறியிருப்பின் முழுவதையும் வடித்துப் புதிது இடுக. நான்கு சில்லு உழவு இயந்திரம் பலவற்றில் கியருக்கும் பாரந்தூக்கிக்கும் ஒரே எண்ணெய் ஆதலால், அங்கு இக்கேடு இரண்டையும் தாக்கும்.

சூடு பெட்டியின் முன்புறத்தில் மிகுந்து, கருகிய நாற்றமும் வருமாயின் கிளச்சைச் சந்தேகிக்க. மணலிற் புதைந்த வண்டியை அரைக் கிளச்சில் இழுப்பதை விட, மூடைகளிற் சிலவற்றை இறக்கிவைத்து மேடேறுவது இலாபம்.

தானியங்கிக் கியர் உள்ள வாகனங்களின் அமைப்பு வேறு. அவற்றிற் பலவற்றில் கியர் எண்ணெய் ரேடியேற்றருள் உள்ள குழாயில் ஓடிக் குளிர்கின்றது. அக்குழாய் துருவேறித் துளைபட்டால் செந்நிற எண்ணெய் நீருடன் கலந்து இளஞ்சிவப்புப் பாலாகும். அந்நிலையில் வண்டியைச் சிறிது தூரமும் ஓட்டற்க.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்க. மாவு போன்ற நுண்டூள் தேய்வினால் வருவது. நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லு காணின், அதன் பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்.