மூல அச்சு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வார்க்கும் பொம்மை, சூளைக்குப் போகுமுன் நாம் கடையில் பார்ப்பதைவிடப் பெரிதாக இருக்கும். காயும்போதும் வேகும்போதும் களிமண் சுருங்கும். 10 விழுக்காடு சுருங்கும் மண் என்றால், 9 செ.மீ. பொம்மைக்கு 10 செ.மீ. அச்சு வேண்டும்.

சிறு தையலகத்தில் பிரவுன் தாளில் பேட்டர்ன் வரையும் கட்டிங் மாஸ்டருக்கு இதைவிடக் கடினமான கணக்கு. மண் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் சுருங்கும். பருத்தித் துணியோ பாவில் ஓர் அளவு, ஊடையில் ஓர் அளவு சுருங்கும். போதாததற்கு, துணி தட்டை; உடம்பு வளைவு.

ஒரு தாளை வட்டமாக வெட்டி, விளிம்பிலிருந்து நடுப்புள்ளிவரை கத்தரியுங்கள். கத்தரித்த ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் தாள் கூம்பாக எழும். ஜாக்கெட்டில் பிடிக்கும் டாட் செய்வதும் இதையே. தட்டைத் தாளை இழுக்காமல், கிழிக்காமல் பந்தின்மேல் படியவைக்க முடியாது என்பதை 1827-ல் கணித மேதை காஸ் எழுதிய தேற்றம் காட்டியது. 1878-ல் ரஷ்யக் கணித மேதை செபிஷேவ், பாரிஸில் துணி வெட்டுவதைப் பற்றியே உரை நிகழ்த்தினார். அவர் பார்வையில் நூல் நீள்வதில்லை, பாவும் ஊடையும் சந்திக்கும் கோணம் மாறுகிறது, அதனால் துணி வளைவுக்கு இணங்குகிறது. துணியைச் சாய்வாக வைத்து வெட்டும் கிராஸ் கட் ஜாக்கெட் உடம்போடு படிவது இப்படித்தான்.

சைஸ் மாற்றுவதிலும், துணிச் சுருக்கம்போலவே, எல்லா இடமும் ஒரே அளவில் மாறாது. மார்புச் சுற்றளவு 36 அங்குலம் 38 ஆனால், கால்பங்குப் பேட்டர்னில் அரை அங்குலம் கூடும். கழுத்து அந்த அளவுக்கு வளராது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் சட்டை தோளில் நிற்காது.

கையால் வரையும் பேட்டர்னின் பெரிய எதிரி நகல்தான். தாள் கிழிந்தால் அதையே வைத்துப் புதுத்தாளில் வரைகிறோம். பென்சில் ஓரத்துக்கு வெளியே 1 மி.மீ. தள்ளிப்போகிறது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு பக்க ஓரங்களில் 4 மி.மீ.; நகலிலிருந்து நகலாக ஐந்து முறை போனால் 2 செ.மீ. ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே 5 செ.மீ.தான். யாரும் தவறு செய்யாமலே சட்டை பெருத்துவிடுகிறது.

இதைத் தவிர்க்கும் வழி பீங்கான் தொழிலில் இருக்கிறது. பிளாஸ்டர் அச்சு வார்க்க வார்க்கத் தேயும். தேய்ந்ததிலிருந்து அடுத்ததை எடுப்பதில்லை. வார்ப்புக்கே பயன்படுத்தாத மூல அச்சைத் தனியே காத்து, அதிலிருந்தே எடுக்கிறார்கள். தையலகத்துக்கும் ஒரு கெட்டி அட்டை போதும். சைஸும் துணியின் சுருக்கமும் அதன்மேல் எழுதி, ஆணியில் மாட்டுங்கள். ஒவ்வொரு தாளும் அதிலிருந்தே பிறக்கட்டும். ஆனால் அந்த அட்டையை வைத்தே நேரடியாகத் துணி வெட்டவேண்டாம்.