டிஷ்ஷை மாற்ற வேண்டாம்... பாக்ஸைப் பாருங்கள்!

உள்ளூர் சேனல்களைத் துல்லியமாகப் பார்க்க, செலவைக் குறைக்கும் வழிகள்

பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கும் ஒரு விவசாயி, போன அறுவடைப் பணத்தில் 32 அங்குல எல்.இ.டி. டி.வி. வாங்கினார். சில நாள்களில் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் படைப்புழுவைப் பற்றிப் பேசினார்கள். புழுவின் தலையில், ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல வெளிர்நிறக் கோடு இருக்கும். வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். இவற்றை வைத்துத்தான் படைப்புழுவை மற்ற புழுக்களிலிருந்து பிரித்தறிய முடியும். ஆனால், திரையில் தெரிந்தது பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு மட்டும்தான்.

‘‘என்னங்க, புது டி.வி.னு சொன்னீங்க. பழசுல தெரிஞ்ச மாதிரியேதான் மங்கலா இருக்கு’’ என்றார் மனைவி.

கடையில் கேட்டபோது, ‘‘டிஷ், வயர், பாக்ஸ் எல்லாத்தையும் மாத்தணும்ணே. ஹெச்.டி. டிஷ் போட்டாத்தான் தெளிவா வரும்’’ என்று சொல்லி, பெரிய தொகையாகக் கேட்டார்கள். உரத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைக்க மனம் வராமல் திரும்பிவிட்டார் அந்த விவசாயி. அது நல்லதாகப் போயிற்று. அவர் வீட்டு மாடியில் இருந்த டிஷ்ஷில் எந்தக் குறையும் இல்லை.

குறை எங்கே இருக்கிறது?

‘ஹெச்.டி. டிஷ்’ என்று தனியாக ஒன்று கிடையாது. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளைக் குவித்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்குள் அனுப்புவது மட்டும்தான் டிஷ்ஷின் வேலை. சாதாரணப் படமானாலும் ஹெச்.டி. படமானாலும் அதே டிஷ் வாங்கிக் கொடுக்கும்.

கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தாலும், மோட்டாரும் குழாயும் சரியில்லை என்றால் கடைமடைக்கு நீர் போய்ச் சேராது. அதற்காகக் கிணற்றை மறுபடியும் வெட்ட மாட்டோம். இங்கே மோட்டார் என்பது செட்டாப் பாக்ஸ். குழாய் என்பது பாக்ஸையும் டி.வி.யையும் இணைக்கும் வயர்.

சாதாரணப் படம் 720-க்கு 576 என்ற கணக்கில், சுமார் 4 லட்சம் புள்ளிகளால் ஆனது. முழு ஹெச்.டி. படம் 1,920-க்கு 1,080 என்ற கணக்கில், சுமார் 20 லட்சம் புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் 5 மடங்கு கூடும்போது, இலையில் இருக்கும் பேனும் புழுவின் மேல் இருக்கும் கோடும் தனியாகத் தெரியும்.

பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனைகள்

முதலில் டி.வி.யைப் பாருங்கள். அதன் பின்பக்கம் ‘ஹெச்.டி.எம்.ஐ.’ என்று எழுதிய தட்டையான துளை இருக்க வேண்டும். பழைய பிக்சர் டியூப் டி.வி. என்றால், எந்த பாக்ஸ் வாங்கினாலும் ஹெச்.டி. தெளிவு கிடைக்காது.

இரண்டாவது, பாக்ஸ். பழைய பாக்ஸ்கள் ‘எம்பெக்-2’ முறையில் வரும் சேனல்களை மட்டுமே காட்டும். ‘எம்பெக்-4’ முறையில் வரும் சேனல்கள் அவற்றில் தெரியாது. எம்பெக்-4 ஹெச்.டி. பாக்ஸ் இரண்டையும் காட்டும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ‘எம்பெக்-4’, ‘ஹெச்.டி.’ என்ற இரண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட மூன்று வண்ண வயரில் ஹெச்.டி. படம் போகாது. ஹெச்.டி.எம்.ஐ. வயர்தான் போட வேண்டும். போட்ட பிறகு, பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் அளவை 1080-க்கு மாற்றுங்கள். 1080-ல் படம் வராத டி.வி.க்கு 720 வைக்கலாம்.

இலவச டிஷ் வைத்திருப்பவர்களுக்கு...

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. பாக்ஸும் டிஷ்ஷும் வாங்கினால் போதும். 2024 ஜனவரியில் ‘டி.டி. தமிழ்’ என்று பெயர் மாறிய பழைய பொதிகையும், விவசாயத்துக்காக 2015-ல் தொடங்கப்பட்ட டி.டி. கிசானும் தூர்தர்ஷன் சேனல்கள்தான்.

‘இந்த பாக்ஸை வாங்கினால் எல்லாத் தமிழ்ச் சேனலும் இலவசமாக ஹெச்.டி.யில் வரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கட்டணச் சேனல்கள் இதில் வராது. சாதாரணமாக ஒளிபரப்பாகும் சேனலை, ஹெச்.டி. பாக்ஸ் ஹெச்.டி.யாக மாற்றியும் காட்டாது. உங்களுக்கு வேண்டிய சேனலைக் கடையில் அதே பாக்ஸில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஏலத்தின் மூலம் இடம் ஒதுக்கப்படுவதால் சேனல்கள் அவ்வப்போது மாறும். அதனால், இடையிடையே ‘ஆட்டோ ஸ்கேன்’ போட வேண்டும்.

மாதக் கட்டணம் செலுத்தி டி.டி.ஹெச். பார்ப்பவர்கள், அந்த நிறுவனத்தின் ஹெச்.டி. பாக்ஸைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஹெச்.டி. சேனல்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. தேவையான சேனல்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் மாதச் செலவு கட்டுக்குள் இருக்கும்.

தென்னை ஓலையும் ஒரு காரணம்

புது பாக்ஸ் போட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், மெனுவில் ‘சிக்னல்’ பக்கத்தைத் திறங்கள். அதில் ‘ஸ்ட்ரெந்த்’, ‘குவாலிட்டி’ என இரண்டு அளவுகள் இருக்கும். ஸ்ட்ரெந்த் நன்றாக இருந்து குவாலிட்டி குறைவாக இருந்தால், பெரும்பாலும் டிஷ் திசை மாறியிருக்கும் அல்லது ஏதோ மறைத்துக்கொண்டிருக்கும்.

இலவச டிஷ்ஷுக்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், வானில் நல்ல உயரத்தில் இருக்கும். டிஷ் வைத்தபோது சிறிதாக இருந்த தென்னையோ முருங்கையோ வளர்ந்து அந்தத் திசையை மறைத்திருக்கலாம். டிஷ்ஷை நகர்த்தினாலே சரியாகிவிடும். வெயிலில் வெடித்த வயரையும் துருப்பிடித்த முனையையும் மாற்றிவிடுங்கள். கனமழை நேரத்தில் படம் நின்றுபோவது இயல்பு. மழை குறைந்ததும் வந்துவிடும்.

இரும்புக் குழாயில் டிஷ் கட்டும்போது பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயரைக் கழற்றும் முன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மழை நேரத்தில் மாடி ஏறவே கூடாது. இடி மின்னலுக்கான அறிகுறி தெரிந்ததுமே பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வைத்துவிட்டால், டி.வி. தப்பிக்கும்.

பெரம்பலூர் விவசாயி கடைசியில் மாற்றியது ஒரு பாக்ஸும் ஒரு ஹெச்.டி.எம்.ஐ. வயரும் மட்டும்தான். வேண்டிய சேனலைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்கி வந்தார். டிஷ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடுத்த முறை படைப்புழுவைத் திரையில் காட்டியபோது, அவர் மனைவி எழுந்து போய் டி.வி. பக்கத்தில் நின்று பார்த்தார்.

‘‘ஏங்க, நம்ம மேட்டுக் காட்டுக் குருத்துல நேத்து நான் பார்த்தது இந்தப் புழுதாங்க. தலையில இதே கோடு இருந்துச்சு’’ என்றார்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் காட்டுக்குப் போய், குருத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உரத்துக்கு வைத்திருந்த பணம் உரத்துக்கே போயிற்று.