நூல் விலையும் நின்ற தறியும்

ஆரணியிலும் செய்யாற்றுப் பகுதியிலும் உள்ள பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பாவுக்குச் சீன நூலை வாங்குவதா, உள்நாட்டு நூலை வாங்குவதா என்பதே அது. பெரும்பாலும் கிலோவின் விலையை மட்டும் ஒப்பிட்டு விடை கண்டுவிடுகிறோம். அவ்வாறு காணும் விடை பாதிக் கணக்கே என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

பட்டு உற்பத்தியில் உலகில் சீனா முதலிடத்திலும் இந்தியா இரண்டாம் இடத்திலும் உள்ளன. ஆயினும் நம் நாட்டின் தேவை உற்பத்தியை விஞ்சி நிற்பதால், நெடுங்காலமாக நூல் இறக்குமதியாகி வருகிறது. சீன நூல் விரும்பப்படுவதற்கு விலை மட்டும் காரணமன்று. இருசந்ததி வெண்பட்டுக்கூட்டிலிருந்து இயந்திரத்தில் இழைத்தெடுப்பதால் அந்நூல் சீராக இருக்கும். தறியில் எளிதில் அறாது. நம் நாட்டில் மிகுதியாக விளைந்து வந்த மஞ்சள் கலப்பினக் கூட்டின் நூல் ஊடைக்குப் போதுமாயினும், பாவின் இழுவிசையை அதே அளவு தாங்குவதில்லை. இப்பொழுது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வெண்கூட்டு உற்பத்தி வளர்ந்துள்ளது. தானியங்கி இயந்திரங்களில் இழைத்த உயர்தர நூலும் கிடைக்கிறது. எனவே தேர்ந்து வாங்கும் வாய்ப்பு முன்னினும் மிகுந்துள்ளது.

அயல்நாட்டு நூலின் விலை நம் கையில் இல்லை. சுங்கவரியும் நம் கையில் இல்லை. கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 2011ஆம் ஆண்டு 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. 2013இல் 15 ஆக உயர்ந்தது. பின்னர் 10 ஆகத் தாழ்ந்து, 2021இல் மீண்டும் 15 ஆயிற்று. பத்தாண்டுகளில் இத்தனை ஏற்ற இறக்கம். ரூபாயின் மாற்று மதிப்பு, கப்பல் கட்டணம், துறைமுகத் தாமதம் ஆகியவையும் இவற்றோடு சேரும். 2020இல் நோய்த் தொற்றினால் சரக்குப் போக்குவரத்து முடங்கியதை எவரும் மறந்திருக்க இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கம் ஒன்றில், நூல் தேவை முழுவதற்கும் ஒரே வணிகரிடம் இறக்குமதி நூலுக்கு முன்பணம் செலுத்தியிருந்தனர். ஆதாயம் ஏட்டில் தெளிவாகத் தெரிந்தது. ‘கொள்முதலில் காட்டிய சிக்கனம் போற்றத்தக்கது’ என்று நாமும் எழுதிக் கையொப்பமிட்டோம். அடுத்த தவணைச் சரக்கு உரிய நாளில் வந்து சேரவில்லை. மறுமுறை சென்றபோது தெருவில் தறிச் சத்தம் அடங்கியிருந்தது. பாவு ஏறாத தறியின் அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், “ஐயா, சங்கத்துக்கு லாபம் என்று எழுதிவிட்டுப் போனீர்களாமே, எங்களுக்குப் போன பதினைந்து நாள் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?” என்று வினவினார். நம்மிடம் விடை இல்லை. நாம் தணிக்கை செய்த ஏட்டில் அதற்கெனத் தலைப்பே இல்லை.

அவர் கேட்ட கணக்கை இங்கு எழுதிப் பார்ப்போம். கீழ்க்காணும் எண்கள் எளிதில் விளங்குவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. அவரவர் சங்கத்தின் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முப்பது தறிகள் உள்ள சங்கத்திற்கு மாதம் 100 கிலோ நூல் தேவை என்போம். உள்நாட்டு நூல் கிலோ 5,000 ரூபாய். இறக்குமதி நூல் எல்லாச் செலவும் சேர்த்து 4,600 ரூபாய். மாத ஆதாயம் 40,000 ரூபாய். இறக்குமதி நூலுக்கு மூன்று மாதம் முன்னதாகப் பணம் கட்ட வேண்டுமானால், 4,60,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிப்படி 13,800 ரூபாய் கழியும். மறுபுறம், சுற்றும்போது வீணாகும் நூல் நூறு கிலோவில் மூன்று கிலோ குறைவு என்றால் சுமார் 15,000 ரூபாய் கூடும். ஆக, நிகர ஆதாயம் 41,200 ரூபாய். இதுவரை இறக்குமதி நூலே வெல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, சரக்கு ஒருமுறை பதினைந்து நாள் தாமதமாகிறது என்று கொள்வோம். தறி ஒன்றுக்கு நாட்கூலி 500 ரூபாய் என்றால், முப்பது தறிகளும் பதினைந்து நாள் நிற்பதனால் 2,25,000 ரூபாய் கூலி போய்விடும். ஐந்து முறை வாங்கிய ஆதாயமோ 2,06,000 ரூபாய்தான். ஐந்து கொள்முதலில் ஒன்று தவறினாலே மலிவு நூல் நஷ்ட நூலாகிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், ஆதாயம் சங்கத்தின் ஏட்டில் ஏறுகிறது. நஷ்டமோ அங்கத்தினர் வீட்டு அடுப்பில் இறங்குகிறது. இரண்டும் ஒரே தாளில் சந்திப்பதில்லை. ஆதலால்தான் குழுவினர் நல்லெண்ணத்தோடே தவறான முடிவு செய்கின்றனர்.

அப்படியாயின் இறக்குமதி நூலை விலக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதே சங்கம் பதினைந்து நாள் தேவையான 50 கிலோ உள்நாட்டு நூலை எப்பொழுதும் கையிருப்பில் வைக்கட்டும். அதில் முடங்கும் பணம் 2,50,000 ரூபாய். மாத வட்டி 2,500 ரூபாய். ஐந்து மாதத்திற்கு 12,500 ரூபாய் செலவாகும். அதைக் கழித்தாலும் 1,93,500 ரூபாய் ஆதாயம் மிஞ்சும், தறியும் நிற்காது. கையிருப்புக்கு ஆகும் வட்டியைச் சிலர் வீண்செலவு என்பர். அது தறி நிற்காமலிருக்க நாம் கட்டும் காப்பீட்டுத் தொகையே ஆகும்.

‘இரு தோணியில் கால் வைக்காதே’ என்பது பழமொழி. நூல் கொள்முதலில் மட்டும் ஒரே தோணியை நம்புவதே ஆபத்து. அமெரிக்கக் காலுறை ஆலைகள் ஒரு காலத்தில் ஜப்பானியப் பட்டையே பெரிதும் நம்பியிருந்தன. 1941ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் பகை முற்றி வாணிகம் நின்றதும் பட்டு வரத்து அற்றது, ஆலைகள் திகைத்தன. அதற்கு முந்திய ஆண்டில் கடைக்கு வந்திருந்த நைலான், போருக்குப் பின் பட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று நமது செய்யாற்றுச் சிப்காட்டில் அயல்நாட்டு நிறுவனங்களுக்காகக் காலணிகள் தயாராகின்றன. ஒரே நாட்டில் எல்லாவற்றையும் செய்விக்காமல் பல நாடுகளில் பகிர்ந்து வைப்பது அந்நிறுவனங்களின் வழக்கம். பெருநிறுவனங்கள் மேற்கொள்ளும் அந்த எச்சரிக்கை, சிறிய சங்கங்களுக்கு இன்னும் அவசியமானது.

பட்டுக்கூடு விளைவிக்கும் விவசாயிக்கும் இதில் பங்குண்டு. 2011இல் வரி குறைந்தபின் கூட்டின் விலை சரிந்தது. கர்நாடக விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினர். முசுக்கொட்டைத் தோட்டம் ஒருமுறை நட்டால் பதினைந்து ஆண்டுகள் வரை பயன் தரும். விலை கட்டாமல் விவசாயி அதைப் பிடுங்கிவிட்டால், துறைமுகம் அடைபடும் நாளில் நாம் ஓடிச்சென்று கேட்க நூல் இராது. ஆண்டு முழுவதும் ஓரளவேனும் உள்நாட்டு நூலை வாங்குவது விவசாயிக்குச் செய்யும் உதவி மட்டுமன்று; நம் இரண்டாவது தோணியைப் பழுதின்றி வைத்துக்கொள்வதுமாகும்.

எனவே நிர்வாகக் குழுவினர்க்கு நாம் கூறுவது இவை: ஊடை நூலையும் பாவு நூலின் ஒரு பகுதியையும் உள்நாட்டில், இயன்றவரை காஞ்சிபுரத்திலுள்ள நமது பட்டு உற்பத்தியாளர் கூட்டுறவு இணையத்தின் வாயிலாகப் பெறுக. இறக்குமதி நூலை ஒரே வணிகரிடம் மொத்தமாக ஒப்படைக்காமல் தவணைகளாக வாங்குக. பதினைந்து நாள் கையிருப்பைக் குறையவிடாதீர். எந்த நூலாயினும் தரப் பரிசோதனை முடிந்தபின் பாவுக்கு விடுக.

இறுதியாக ஒன்று. கொள்முதல் ஏட்டில் ‘நூலின்றித் தறி நின்ற நாட்கள்’ என்று ஒரு தலைப்பை ஒவ்வொரு சங்கமும் திறக்க வேண்டும். இப்பொழுது நாம் செல்லும் சங்கங்களில் நூல் விலையைப் பார்க்கும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்கிறோம். அது வெறுமையாக இருக்குமானால், முன்னர் அவசரப்பட்டு எழுதிய பாராட்டை இம்முறை மனநிறைவோடு எழுதுவோம்.