மாடிப்படி: ஒரு மரணமும் ஒரு வழக்கும் ஒரு நாடகமும்

நடந்தது இன்னதென நேரிற் கண்டார் ஒருவரும் இல்லாதவிடத்து, அதனை அறிதற்கு மனிதர் கைக்கொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று வழக்கு மன்றம், மற்றொன்று கதை. மன்றம் சான்றுகளைச் சீர்தூக்கித் தீர்ப்புக் கூறும். கதையோ காணாததனைக் கண்முன் நிறுத்தும். இவ்விரண்டும் தம்முள் வேறானவை என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், மன்றம் கதை சொல்லப் புகுதலும், கதை தீர்ப்புக் கூறப் புகுதலும் சிலவேளைகளில் உண்டு. அவ்வாறு ஒன்று மற்றொன்றன் எல்லையுட் புகுமிடத்து விளைவது யாது என ஆராய்வார்க்கு, அமெரிக்காவின் எச்.பி.ஓ. மக்ஸ் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் எட்டுப் பகுதிகளாக வெளியிட்ட 'த ஸ்ரெயர்கேஸ்' என்னும் தொலைக்காட்சி நாடகம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 'மாடிப்படி' என்பது அப்பெயரின் பொருள். அஃது உண்மையாக நிகழ்ந்த ஒரு மரணத்தையும், அதன்மேல் எழுந்த வழக்கையும் பொருளாகக் கொண்டது.

வட கரோலினா மாநிலத்திலுள்ள டேர்ஹம் நகரில் வாழ்ந்தவர் மைக்கல் பீற்றர்சன் என்னும் நாவலாசிரியர். அவர் மனைவி கத்லீன் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவர். 2001ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள், விடிதற்குச் சில மணி நேரம் முன்னதாக, மனைவி மாடிப்படியிலிருந்து வீழ்ந்துவிட்டார் என்று பீற்றர்சன் அவசர உதவிப் பிரிவினருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். கத்லீன் உயிர் பிழைக்கவில்லை. படியின் அடியிலும் சுவர்களிலும் குருதி பெருகியிருந்தது. தலையின் பின்புறத்தில் 7 கிழிகாயங்கள் காணப்பட்டன. ஆனால் மண்டையோடு உடைந்திருக்கவில்லை. இவ்விரு செய்திகளுமே வழக்கின் முடிச்சாயின. வெறுமனே வீழ்ந்தவருக்கு இத்தனை காயங்கள் உண்டானது எவ்வாறு என்று ஒரு சாரார் வினவினர். உயிர் போகுமளவுக்கு அடியுண்டவரின் மண்டையோடு உடையாதிருந்தது எவ்வாறு என்று மறுசாரார் வினவினர்.

வழக்கு 2003ஆம் ஆண்டில் நடைபெற்றது. அரச தரப்பினர் தம் கட்சியைக் காயங்களின் மேல் மட்டும் நிறுத்தினாரல்லர். பணமுடை, காப்புறுதித் தொகை, குற்றஞ்சாட்டப்பட்டவரின் அந்தரங்க வாழ்வு ஆகிய அனைத்தையும் ஒரு கோவையாக்கினர். 1985ஆம் ஆண்டில், பீற்றர்சன் ஜேர்மனியில் வாழ்ந்த காலத்தில், குடும்ப நண்பரான ஒரு பெண் தம் வீட்டு மாடிப்படியின் அடியில் இறந்து கிடந்தார். அஃது இயற்கை மரணமென அந்நாளிற் கொள்ளப்பட்டது. 2003ஆம் ஆண்டில் அவ்வுடல் தோண்டி எடுக்கப்பட்டு மீண்டும் ஆராயப்பெற்றது. இம்முறை அது கொலையென மருத்துவர் கூறினர். அச்செய்தியையும் யூரிமார் கேட்க நீதிபதி அனுமதித்தார். ஒரு படியின் கீழ் ஓர் உடல் கிடப்பது விபத்தாகலாம். இரண்டு படிகளின் கீழ் இரண்டு உடல்கள் கிடந்தால், கேட்போர் உள்ளம் தானே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். ஒத்த நிகழ்ச்சிகளைச் சான்றாக ஏற்குமிடத்து நீதிமன்றங்கள் பெரிதும் தயங்குதற்குக் காரணம் இதுவே. ஒன்றையும் நிறுவாத இரு செய்திகள் அருகருகே வைக்கப்பட்டவுடன், ஒன்றற்கொன்று சான்றுபோலத் தோன்றுகின்றன.

அரச தரப்பினர் கொலைக்கருவியெனக் குறித்தது, வீட்டிற் காணாமற்போன, கணப்பு நெருப்பைக் கிளறும் குழற்கோலாகும். விசாரணை முடியுந் தறுவாயில், சட்டத்தரணி டேவிட் ருடொல்ப் தலைமையிலான எதிர்த்தரப்பினர் அக்கோலைச் சிதைவின்றி மன்றில் முன்வைத்தனர். ஆயினும் வழக்கின் போக்கு மாறவில்லை. அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது, மாநிலப் புலனாய்வுப் பணியகத்தைச் சேர்ந்த டுவேன் டீவர் குருதித் தெறிப்புகளைப்பற்றி அளித்த சாட்சியம். சுவரிற் பட்ட துளிகளைக் கொண்டு, அடி விழுந்த முறையினை அவர் உறுதியாக எடுத்துரைத்தார். ஒக்ரோபர் 10ஆம் நாள் யூரிமார் குற்றவாளியெனத் தீர்த்தனர். பிணையிலும் பரோலிலும் வெளிவரவியலாத ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. அப்பணியகத்தின் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த பிழைகள் 2010ஆம் ஆண்டில் வெளிப்பட, டீவர் பதவியிழந்தார். அவர் தம் பயிற்சியையும் பட்டறிவையும்பற்றி யூரிமார்க்குப் பொய்யுரைத்தார் என 2011ஆம் ஆண்டு டிசெம்பரில் நீதிபதி ஒர்லாண்டோ ஹட்சன் கண்டு, புதிய விசாரணைக்குக் கட்டளையிட்டார். முன்னைய விசாரணையை நடத்தியவரும் அவரே என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் புதிய விசாரணை நடைபெறவேயில்லை. 2017ஆம் ஆண்டு பெப்புருவரி 24ஆம் நாள், பீற்றர்சன் கொலையினுங் குறைந்த குற்றமொன்றற்கு 'அல்போர்ட்' முறையில் இசைந்து விடுதலை பெற்றார். குற்றஞ்செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, தண்டித்தற்குப் போதிய சான்று அரச தரப்பினரிடம் உண்டென ஏற்று, தண்டனைக்கு உடன்படுதல் அம்முறையாகும். 1970ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்ட வழக்கும் வட கரோலினாவில் எழுந்ததே. ஆகவே சட்டத்தின் ஏடு மூடப்பட்டது. கத்லீன் எவ்வாறு இறந்தார் என்னும் வினா மூடப்படவில்லை.

இவ்விடத்தேதான் நாடகம் புகுகின்றது. அந்தோனியோ கம்போஸ் ஆக்கிய இதிற் பீற்றர்சனாகக் கொலின் பேர்த்தும், கத்லீனாகத் தொனி கொலெற்றும் நடித்தனர். கத்லீனின் மரணத்தை நாடகம் ஒரு வகையாகக் காட்டவில்லை; மூன்று வகையாகக் காட்டுகின்றது. கால் தவறி வீழ்ந்து இறத்தல் ஒன்று. கணவன் கையால் இறத்தல் ஒன்று. வீட்டின் வெளியே ஆந்தையொன்று தலையைத் தாக்க, உள்ளே ஓடிவந்து படியில் வீழ்ந்து இறத்தல் மற்றொன்று. ஆந்தையென்றவுடன் நகைப்பவர் உளர். எனினும் கத்லீனின் தலைமயிரில் நுண்ணிய இறகுத் துணுக்குக் காணப்பட்டமை ஆய்வுப் பதிவில் உள்ளது. அயலவரான ஒரு சட்டத்தரணி பிற்காலத்தில் எடுத்துரைத்த இக்கருத்தை 2003ஆம் ஆண்டின் யூரிமார் கேட்டிலர்.

மூன்றனையும் காட்டி ஒன்றனையும் முடிவெனக் கூறாது விட்டமை இந்நாடகத்தின் தலையாய சிறப்பு. வழக்குகளிற் பெரும்பாலும் இறந்தவர் ஓர் உடலாகவும், சில நிழற்படங்களாகவுமே எஞ்சுவர். நாடகமோ கத்லீனைத் தொழிலின் சுமையும், பிள்ளைகளின் கவலையும் தாங்கிய ஒரு பெண்ணாக உயிர்ப்பிக்கின்றது. அவர் மும்முறை இறப்பதனைக் காணும்போது, எந்தக் கருத்துச் சரியெனினும் இழப்பு ஒன்றே என்பது காண்போர்க்குப் புலனாகின்றது.

ஆனால் இச்சிறப்பின் உள்ளேயே ஒரு குறையும் தங்கியுள்ளது. சான்றுக்கு நிறை உண்டு. காட்சிக்கு நிறை இல்லை. நிறுவப்பட்டதும் ஊகிக்கப்பட்டதும் திரையில் ஒரே ஒளியில், ஒரே நடிகரால், ஒரே உருக்கத்தோடு நிகழ்கின்றன. கண் அவற்றை வேறுபடுத்தி அறியாது. இதனாற் பாதிக்கப்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமல்லர். ஜான் சேவியர் டி லெஸ்திராட் என்னும் பிரெஞ்சு நெறியாளர் இவ்வழக்கைத் தொடக்கமுதற் பின்தொடர்ந்து 2004ஆம் ஆண்டில் ஒரு விவரணப்படத் தொடரை வெளியிட்டார். தாம் தொகுத்த ஆவணங்களையும் நாடக ஆசிரியருக்கு அவர் உதவினார். நாடகமோ அவர் குழுவினரையே பாத்திரங்களாக்கியது. படத்தொகுப்பாளர் சோபி புறூனே பீற்றர்சன்மீது காதல் கொண்டமை உண்மை. அத்தொடர்பு முதற்றொடரின் தொகுப்புப் பணி முடிந்தபின் தொடங்கியதென்பது அவர்கள் கூற்று. நாடகம் காலத்தை முன்தள்ளி, காதலால் தொகுப்புப் பணியே சாய்ந்ததுபோலக் காட்டியதென டி லெஸ்திராட் 2022இல் வெளிப்படையாக முறையிட்டார். கணவனது வழக்கில் ஐயத்தின் பயனை மும்முறை வழங்கிய நாடகம், தனக்கு உதவியோர்க்கு ஒருமுறையும் அதனை வழங்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

சிலப்பதிகாரத்தைக் கற்றோர்க்கு இந்நிலை புதிதன்று. பாண்டியன் கோவலனைக் கொல்விக்கக் காரணம் கொடுமையன்று. பொன்னின் நுட்பம் அறிந்தவன் எனக் கருதப்பட்ட பொற்கொல்லனின் சொல்லைச் சோதியாது ஏற்றமையே. சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் முத்தோ மாணிக்கமோ என்பது அப்பொழுதே விளங்கியிருக்கும். அது பின்னர் உடைபட்டது; உயிர் மீளவில்லை. டேர்ஹம் மன்றிலும் நிபுணர் என வந்தவரின் சொல் எட்டு ஆண்டுகள் உடைத்துப் பார்க்கப்படாமற் கிடந்தது. பாண்டியன் அவையில் உடைக்கப்பட்ட சிலம்பு உண்மையைத் தெளிவாகக் கூறிற்று. இங்கே சொல் பொய்யெனத் தெளிந்தபின்னும் உண்மை வெளிப்படவில்லை. சாட்சி பொய்த்தமையால் குற்றஞ்சாட்டப்பட்டவர் நிரபராதி என்று ஆகிவிடாது. தீர்ப்பு நிற்கும் தூண் ஒன்று வீழ்ந்தது என்றே ஆகும். இவ்வேறுபாட்டைக் காத்தலே நீதியறிவின் முதற்படி.

அறியாததனை அறியேம் என்று கூறுதல் மன்றத்துக்கும் அரிது, கலைக்கும் அரிது. மன்றம் அவ்வாறு கூறவேண்டிய இடத்தில், நியாயமான சந்தேகத்தின் பயனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்குகின்றது. திரையில் அத்தகைய விதி இல்லை. ஆதலால் அப்பொறுப்புக் காண்போரையே சார்கின்றது. உண்மை நிகழ்ச்சியைத் தழுவிய நாடகமொன்றைக் காணும் மாணவர், காட்சி முடிந்தபின், இதில் நிறுவப்பட்டது எது, கூறப்பட்டது எது, புனையப்பட்டது எது எனத் தமக்குள் வகுத்துக்கொள்வாராயின், அவர் நல்ல சுவைஞராவதோடு நல்ல யூரியாகவும் பயின்றவராவார்.