கொள்முதலில் தோற்றால் விற்பனையில் வெல்ல முடியுமா?

நமக்குப் போட்டி யார் என்று கேட்டால், எதிர்வரிசையில் இருக்கும் கடையைக் காட்டுவோம். ஆனால் பெரிய நிறுவனங்களோடு போட்டி என்று வரும்போது, வெற்றி தோல்வியில் பெரும் பங்கு கல்லாவில் அல்ல, கொள்முதல் செய்யும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. இந்த உண்மையை அமெரிக்க மளிகை வணிகர்கள் நமக்கு வெகு காலம் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த வரலாறு நம் வணிகர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

பீப்பாய் போய்ப் பெட்டி வந்தது

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மளிகைக் கடையில் பிஸ்கட் பீப்பாயில் இருக்கும். சர்க்கரை, மாவு, தேயிலை எல்லாவற்றையும் கடைக்காரரே நிறுத்துக் கொடுப்பார். சரக்கின் தரத்துக்கு அவருடைய வாக்குதான் உத்தரவாதம். தொழிற்சாலைகள் பெருகி, ரயில் பாதைகள் நாடெங்கும் பரவியபின் நிலைமை மாறியது. 1898இல் பல பேக்கரிகள் ஒன்றிணைந்து நேஷனல் பிஸ்கட் கம்பெனி உருவாயிற்று. ஈரம் புகாதபடி மெழுகுத்தாள் வைத்த அட்டைப்பெட்டியில் பிஸ்கட்டை அடைத்து, பெயரிட்டு விற்கத் தொடங்கியது. தகர டப்பா, கண்ணாடிப் புட்டி என்று மற்றச் சரக்குகளும் கம்பெனிப் பெயரோடு வந்தன. எந்தக் கடையில் வாங்கினாலும் சரக்கு ஒன்றே என்று ஆனபின், வாடிக்கையாளர் பார்ப்பது விலையைத்தானே?

தேயிலைக் கடை வளர்ந்த கதை

1859இல் நியூயார்க்கில் தேயிலை விற்கத் தொடங்கிய ஒரு நிறுவனம், பின்னர் 'கிரேட் அட்லாண்டிக் அண்ட் பசிபிக் டீ கம்பெனி' என்று பெயர் பெற்றது. மக்கள் சுருக்கமாக 'ஏ அண்ட் பி' என்பார்கள். 1912இல் இந்நிறுவனம் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. கடன் கிடையாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் கிடையாது, சிறிய கடை, குறைந்த ஆள், ரொக்க வியாபாரம், மலிவு விலை. இந்த முறை பற்றிக்கொண்டது. 1930 வாக்கில் 15,000க்கும் மேற்பட்ட கடைகள்; ஆண்டு விற்பனை 100 கோடி டாலருக்கு மேல். சொந்தமாக ரொட்டி ஆலைகளும் காப்பி வறுக்கும் ஆலைகளும் வைத்திருந்தது.

இதனால் ஏழைக் குடும்பங்களுக்கு மலிவாக உணவு கிடைத்தது என்பதை நாம் மறுக்கக் கூடாது. கடனும் டெலிவரியும் இல்லாமல் செலவைக் குறைத்து, அதனால் விலையைக் குறைத்தது நியாயமான திறமையே.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பக்கமும் இருந்தது. 1935இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் அது வெளிப்பட்டது. உற்பத்தியாளர்களிடமிருந்து இந்த நிறுவனம் விளம்பரப் படி என்ற பெயரில் ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலரும், தரகு என்ற பெயரில் சுமார் 20 லட்சம் டாலரும் பெற்று வந்தது. தரகரே இல்லாத கொள்முதலுக்குத் தரகு! அதே சரக்கை வாங்கிய சிறு கடைக்காரருக்கு இந்தச் சலுகையில் ஒரு சென்ட் கூட இல்லை. அவர் எவ்வளவு உழைத்தாலும் அந்த விலைக்கு எப்படி விற்க முடியும்?

வணிகர்கள் எடுத்த இரு வழிகள்

முதல் வழி, ஒன்றுபட்டு வாங்குவது. 1926இல் ஃபிராங்க் கிரைம்ஸ் என்பவர் முன்னின்று, 'இண்டிபெண்டன்ட் குரோசர்ஸ் அலையன்ஸ்' என்ற கூட்டணியை அமைத்தார். கடை அவரவருக்கே சொந்தம்; கொள்முதலும் விளம்பரமும் மட்டும் பொது. ஒரு கடையாகப் பேசினால் கிடைக்காத விலை, பல கடைகள் சேர்ந்து பேசியபோது கிடைத்தது.

இரண்டாவது வழி, சட்டம். மொத்த மளிகை வியாபாரிகள் சங்கத்தின் வழக்குரைஞரே மசோதாவின் முதல் வரைவை எழுதிக் கொடுத்தார். டெக்சாஸ் மாநில உறுப்பினர் ரைட் பேட்மன் அதற்காக வாதாடினார். 1936 ஜூன் மாதம் ராபின்சன்-பேட்மன் சட்டம் வந்தது. ஒரே சரக்கைப் போட்டியாளர்களான இரு கடைகளுக்கு இரு விலையில் விற்று, போட்டியைக் கெடுக்கக் கூடாது. உண்மையிலேயே செலவு குறைந்தால் அந்த அளவுக்கு விலை குறைக்கலாம். விளம்பரப் படியை உரிய விகிதத்தில் எல்லாருக்கும் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1938இல் பேட்மன், சங்கிலித் தொடர் கடைகள் மீது கடும் வரி விதிக்க இன்னொரு மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. சம வாய்ப்புக் கேட்டபோது சட்டம் கிடைத்தது. எதிராளியை ஒழிக்கக் கேட்டபோது கிடைக்கவில்லை.

தூங்கும் சட்டம்

சட்டம் இருந்தால் போதுமா? 1980களிலிருந்து அமெரிக்க அரசு இந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் கிடப்பில் போட்டது. 2024 டிசம்பரில், இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், ஒரு பெரிய மதுபான விநியோக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2025 ஜனவரியில் பெப்சிகோ மீது தொடுத்த வழக்கை, அதே ஆண்டு மே மாதம் அரசே கைவிட்டது.

ஏ அண்ட் பி என்ன ஆயிற்று? காலத்துக்கேற்ப மாறத் தவறி, 2010இலும் 2015இலும் திவால் நீதிமன்றம் சென்று, கடைகளை மூடியது. பெரியது என்பதற்காக எதுவும் நிலைத்துவிடுவதில்லை. கிரைம்ஸ் தொடங்கிய சிறு கடைகளின் கூட்டணியோ அதைக் கடந்தும் நிலைத்து நின்றது.

நமக்குள்ள பாடம்

நம் நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. 2021 டிசம்பரில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, இணையவழி மொத்த விற்பனை நிறுவனங்களுக்குத் தரும் விலையை எங்களுக்கும் தாருங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்டது. நம்முடைய 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனம் பாரபட்சமான விலை வைப்பதைத் தடுக்கிறது. ஆனால் முதலில் அந்த ஆதிக்கத்தை நிரூபிக்க வேண்டும். அதற்கு வாய்ப்பேச்சு போதாது, பில் வேண்டும்.

ஆகவே வணிகப் பெருமக்கள் செய்யக்கூடியவை இரண்டு. கொள்முதல் பில்களையும் ஸ்கீம் விவரங்களையும் தேதிவாரியாகப் பாதுகாத்து வையுங்கள். விலை வேறுபாடு தெரிந்தால் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேகமாக விற்கும் நாலைந்து சரக்குகளையாவது பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து வாங்கிப் பாருங்கள். எதிர்வரிசைக் கடைக்காரர் நமக்குப் போட்டியாளர்தான். ஆனால் கொள்முதலில் அவரே நமக்குக் கூட்டாளி.