பால் கொழுப்பின் மேலுறையில் சர்க்கரைச் சங்கிலிகள்

பசுவின் பால் சுரப்பியில் உருவாகும் கொழுப்புத் துளி, செல்லை விட்டு வெளியேறும்போது செல்லின் மேல்சவ்வில் ஒரு பகுதியையே போர்த்திக்கொண்டு பாலில் கலக்கிறது. சராசரியாக 4 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள அந்தத் துளியின் மேலுறையில் சுரப்பி செல்லின் கிளைக்கோபுரதங்கள், அதாவது சர்க்கரைச் சங்கிலிகள் பிணைந்த புரதங்கள், பதிந்திருக்கும். விலங்கை அறுக்காமல் ஒரு சுரப்பியின் செல் சவ்வைச் சேகரிக்க இதைவிட எளிய வழி அரிது. பாலேட்டைக் கழுவிக் கடைந்தால் உறை கிழியும். கொழுப்பு வெண்ணெயாகத் திரள, சவ்வின் பெரும்பகுதி மோரில் தங்கிவிடும்.

சங்கிலிகள் புரதத்தில் இரு விதமாகப் பிணைகின்றன. முதல் வகை அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஏறுகிறது. எண்டோபிளாச வலையில் 3 குளுக்கோஸ், 9 மேனோஸ், 2 என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என 14 சர்க்கரைகள் கொண்ட சங்கிலி முழுதாகவே புரதத்துக்கு மாற்றப்படுகிறது. பிறகு நொதிகள் அதன் நுனிகளை நறுக்குகின்றன. கோல்கை உறுப்பில் காலக்டோஸ், ஃபியூக்கோஸ், சியாலிக் அமிலம் ஆகியவை புதிதாகச் சேர்கின்றன. எவ்வளவு நறுக்கினாலும் அடியிலுள்ள 5 சர்க்கரைகள் மாறுவதில்லை. இரண்டாம் வகை செரின் அல்லது திரியோனினில் ஒவ்வொரு சர்க்கரையாக வளர்கிறது.

புரதத்தின் அமினோ அமில வரிசையை மரபணு நேரடியாக வகுக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படியொரு அச்சு கிடையாது. எந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்பதே வடிவத்தைத் தீர்மானிப்பதால், ஒரே புரதம் வெவ்வேறு உறுப்புகளில் வெவ்வேறு சங்கிலிகளைத் தாங்கலாம். பசுவின் பால் கொழுப்புச் சவ்வில், வழக்கமாகக் காலக்டோஸ் அமரும் இடத்தில் என்-அசிட்டைல்காலக்டோசமைன் அமர்ந்த சங்கிலிகள் கண்டறியப்பட்டுள்ளன. சர்க்கரைச் சங்கிலிகளை ஆராய்வதன் சிரமமும் கவர்ச்சியும் இங்கேதான்.

இச்சவ்வில் மிகவும் கவனத்துக்குரியது மக்1 என்ற மியூசின் வகைக் கிளைக்கோபுரதம். மனிதரில் இதன் வெளிப்பகுதி 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே வரிசை பலமுறை திரும்பத் திரும்ப வருவதால் ஆனது; ஒவ்வொரு வரிசையிலும் சர்க்கரை பிணையக்கூடிய 5 இடங்கள் உண்டு. நெருக்கமாக ஏறிய சங்கிலிகள் புரதத்தை மடங்கவிடாமல் விறைப்பாக நிறுத்துகின்றன. நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தின் எதிர்மின்சுமை அடுத்த செல் நெருங்கி ஒட்டுவதைத் தடுக்கிறது.

மார்பகப் புற்றுநோயில் இந்த ஒழுங்கு குலைகிறது. கிளைத்து வளரவேண்டிய சங்கிலிகள் குட்டையாகவே நின்றுவிட, அவை மூடியிருந்த புரதப் பகுதி வெளியே தெரிகிறது. செல்லிலிருந்து கழன்ற மக்1 இரத்தத்திலும் கலக்கிறது. அதை அளக்கும் சிஏ 15-3 பரிசோதனை சிகிச்சையின் போக்கைக் கண்காணிக்கப் பயன்படுகிறது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய அது போதாது.