உங்களுக்குத் தெரியுமா? ஈரம் காயும் முன்பே நின்றுவிடும் ட்ரையர்

துணி காய்ந்துவிட்டதைப் பல ட்ரையர்கள் மின்சாரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. சென்சார் உள்ள பல மாடல்களில் டிரம்முக்குள், பஞ்சு வடிகட்டியை ஒட்டி, இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டையும் ஒருசேரத் தொட்டால் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். துணி உலர உலர அது குறையும். குறைவாகவே நீடித்தால், வேலை முடிந்ததென்று இயந்திரம் நின்றுவிடும்.

இந்தப் பட்டைகளைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் மணத்துக்காகப் போடும் ட்ரையர் ஷீட்தான். அதிலுள்ள மெழுகு போன்ற பூச்சு சூட்டில் இளகி, துணியோடு பட்டைகளிலும் படிகிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் அந்தப் படலத்துக்கு மேல் ஈரத்துணி பட்டாலும் மின்சாரம் சரியாகப் பாயாது; ‘காய்ந்துவிட்டது’ என்று இயந்திரம் தவறாக நினைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய துணியில் ரப்பிங் ஆல்கஹாலைத் தொட்டுப் பட்டைகளை அழுத்தித் துடையுங்கள். அது நன்றாக ஆவியான பிறகே மறுபடி ஓட விடுங்கள். மெக்கானிக்குக்குப் போன் செய்யும் முன் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

இரண்டே சட்டைகளைப் போட்டாலும் ட்ரையர் சீக்கிரம் நிற்கும். துணி பட்டைகளில் எப்போதாவதுதான் படும் என்பதே காரணம். அப்போது ஆட்டோ முறையை விட்டு, நிமிடக் கணக்கு வைத்து ஓட்டுங்கள்.

நைலானையும் ஜீன்ஸையும் சேர்த்துப் போடாதீர்கள். நைலான் முதலில் காய்ந்துவிடும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டி ஈரமாகவே கிடக்கும். பெட்ஷீட் சுருண்டுகொண்டால் உள்மடிப்பு காயாது. பாதியில் நிறுத்தி உதறிப் போடுங்கள்.

கோளாறு சென்சாரிலா, வேறெங்காவதா? நிமிடக் கணக்கில் ஓட்டும்போது துணி நன்றாகக் காய்ந்தால், சென்சார் பக்கம்தான் பார்க்க வேண்டும். நிமிடக் கணக்கில் ஓட்டும்போதும் பாதியில் நின்று, அரைமணி நேரம் ஆறிய பிறகு மறுபடி ஓடினால், மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட ட்ரையரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது ஆபத்து.

வெளிக்குழாய் இல்லாத கண்டென்சர் ட்ரையரா? தண்ணீர்த் தொட்டி நிறைந்தாலும் நிற்கும். முதலில் அதைக் கொட்டுங்கள்.

வடிகட்டி வலையைக் கழற்றி, அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வடியாமல் தேங்கி நின்றால் அங்கும் ட்ரையர் ஷீட்டின் மெழுகுதான். சோப்பும் மென்மையான பிரஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008–2010 காலத்துக்குப் போட்ட கணக்கின்படி, அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்துகள் நடந்தன. சுத்தம் செய்யாமல் விட்டதே அவற்றுக்கு முதன்மைக் காரணம். ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுத்துவிடுங்கள். வெளிக்காற்றுக் குழாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தீய்ந்த வாடை வந்தால் உடனே நிறுத்தி, பிளக்கை எடுத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.